ஞாபகமுள்ள கம்பி

பல்லை நகர்த்தும் வேலையை நான் கற்கத் தொடங்கியது ஒரு வெந்நீர்த் தொட்டியில். சென்னையில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த புதிதில் நோயாளியைத் தொடவிட மாட்டார்கள். தாடை வடிவில் ஒரு மெழுகுக் கட்டி, அதில் கோணல்மாணலாகப் பதித்த உலோகப் பற்கள். டைப்போடான்ட் என்று பெயர். கம்பி வளைத்து அந்தப் பற்களில் பூட்டி வெந்நீரில் அமிழ்த்த வேண்டும். மெழுகு இளகும், கம்பி சொன்ன பக்கம் பல் நகரும். வாயில் ஒன்றரை வருடம் பிடிக்கும் வேலை அங்கே ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். கம்பியில் தப்பு இருந்தால் அதுவும் அதே வேகத்தில் நடந்துவிடும்.

என் முதல் டைப்போடான்டில் துருத்தியிருந்த முன்பற்கள் ஆறும் அழகாக உள்ளே போயின. கூடவே, நகரவே கூடாத கடைவாய்ப் பற்களும் நடந்து முன்னால் வந்து நின்றன. பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "கயிறு இழுக்கிற போட்டியில ரெண்டு பக்கமும் ஆள் நிப்பாங்கப்பா. நீ ஒரு பக்கத்த மட்டும் பாத்திருக்க" என்றார். மெழுகை உருக்கினேன், மறுபடி வார்த்தேன், மறுபடி கம்பி வளைத்தேன்.

சேலத்தில் கிளினிக் வைத்து இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை. அன்று, "கழட்டி மாட்டறதா, ஒட்டற கிளிப்பா, எதுங்க டாக்டர் நல்லது?" இன்று, "மெட்டலா, செராமிக்கா, அலைனரா, எது பெஸ்ட்?" போனில் விலைப் பட்டியல் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "இதுல வேலை செய்யப்போறது யாரு?" புரியாமல் விழிப்பார்கள். அதை எனக்கே புரியவைத்தது இந்தத் தொழிலில் நான் பட்ட அடிகள்தான்.

எந்தக் கருவியாக இருந்தாலும் வாய்க்குள் நடப்பது ஒன்றுதான். பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு ஜவ்வு இருக்கிறது. மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால், அழுந்துகிற பக்கத்து எலும்பை ஒருவகைச் செல்கள் கரைக்கின்றன. பின்னால் விடுபட்ட பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பு கட்டுகின்றன. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல நகர்வு. "நல்லா டைட் பண்ணுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்பார்கள். அதிகம் முறுக்கினால் அந்த ஜவ்வில் ரத்த ஓட்டம் நசுங்கி நின்றுவிடும். எலும்பைக் கரைக்க வேண்டிய செல்கள் அங்கே வரவே முடியாது. பல் வலிக்கும், ஆனால் நகராது. விடாமல் முறுக்கினால் வேர் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் கூடும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்த விதி ஒன்றேதான்.

இந்தத் தொழிலை முறைப்படுத்தியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். பல் கடிப்பதில் உள்ள கோளாறுகளை அவர் 1899-இல் பிரித்த மூன்று வகைகளைத்தான் இன்றும் நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அவரிடம் படித்த ஆஸ்திரேலியரான ரேமண்ட் பெக், அடிலெய்டுக்குத் திரும்பி, மெல்லிய எஃகுக் கம்பியால் லேசாக இழுக்கும் தன் முறையை உருவாக்கினார். எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தந்தது அதைத்தான். எல்லா வளைவும் எங்கள் கையால் போடவேண்டும். விரல் நுனியில் கம்பி குத்தாத நாள் இல்லை.

நான் கிளினிக் தொடங்கியபோது காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கம்பியே கட்டாமல் இயல்பாகவே நன்றாக அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை அளந்து, அவற்றின் பொதுவான ஆறு அடையாளங்களை 1972-இல் எழுதினார். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு சாய வேண்டுமோ அந்தக் கோணத்தைப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டுக்குள்ளேயே செதுக்கிவைத்தார். நேரான கம்பியைக் கோத்தால் போதும். கம்பி வளைக்கும் வேலையில் பாதி என் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போயிற்று. வேலை குறைவதில்லை, ஆள்தான் மாறுகிறது என்று எனக்கு முதலில் தட்டுப்பட்டது அப்போதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன், பதின்மூன்று வயது மகளைக் கூட்டி வந்தது அந்த நாட்களில்தான். மேலே இரண்டு பக்கமும் கோரைப்பல் வெளியே ஏறி நின்றது. "சிங்கப்பல்லு அழகுங்கறாங்க, இவ ஒத்துக்க மாட்டேங்கறா" என்றார். நான் எஃகுக் கம்பியில் ஒரு லூப் வளைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

"டாக்டர் தம்பி, சூடு காட்டிட்டு வளைங்க. அப்பதான் பதமா வரும்."

"அப்பிடிப் பதமாயிட்டா வளைச்ச இடத்துலயே கெடக்குமேண்ணே. எனக்கு அது திமிறணும். திமிறுனாத்தான் பல்லைத் தள்ளும்."

ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினார். இழுத்த வெள்ளிக் கம்பி விறைப்பது அவருக்குத் தொல்லை, எனக்கு அந்த விறைப்பில்தான் பிழைப்பு. அப்புறம் டப்பாவிலிருந்து ஒரு நிட்டினால் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர்தான் 1970-களின் தொடக்கத்தில் அதை வாய்க்குள் கொண்டுவந்தார். அண்ணன் விரலில் சுற்றினார், விட்டதும் நிமிர்ந்தது. இன்னொரு தடவை சுற்றினார், அதே கதை. வாங்கி, ஐஸ் தண்ணீரில் முக்கிக் கோணலாக வளைத்துக் கொடுத்தேன். வளைந்தபடியே கிடந்தது. "உள்ளங்கையில மூடுங்க" என்றேன். திறந்தபோது கோணல் போய்ப் பழைய வில்லாக இருந்தது.

முப்பது வருடம் கம்பி இழுத்த மனிதர், வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் வெச்சிருக்கு தம்பி!" பிறகு மகளைப் பார்த்தார். "கம்பிக்கு ஞாபகம் இருக்கு, சரி. பல்லுக்கு இருக்காதா?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து வடக்கே போனால் தருமபுரி மாவட்டம். அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புப் பட்டை விழும். பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். பிராக்கெட் ஒட்டி அனுப்பினேன். பத்து நாளில் இரண்டு கழன்றுவிட்டன என்று அம்மாவும் பிள்ளையும் பஸ் ஏறி வந்தார்கள். ஒட்டினேன். மறுவாரம் மூன்று. "முறுக்கு தின்னியா? கரும்பு கடிச்சியா?" என்று திட்டினேன். நாலாவது தடவை அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "கஞ்சியத் தவிர ஒண்ணும் குடுக்கலீங்க சார்."

அன்று இரவு புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாக அரித்தால் பசை பிடிக்கும் என்று 1955-இல் காட்டியவர் மைக்கேல் புவோனோகோர். பிராக்கெட்டை நேரடியாகப் பல்லில் ஒட்டும் வழக்கம் வந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் போல் உலோகப் பட்டை மாட்டுவார்கள். ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேல் தோல் அந்த அமிலத்துக்கு எளிதில் மசிவதில்லை. வழக்கமான நேரம் போதாது. மேல் அடுக்கை லேசாகச் சுரண்டி, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். அப்படியும் பிடிக்காத நாலு பற்களுக்குப் பழைய காலத்துப் பட்டையையே மாட்டினேன். அப்புறம் ஒன்றும் கழலவில்லை. செய்ய வேண்டிய வேலையை நான் செய்யாமல் பையன் மேல் பழி போட்டிருக்கிறேன். நாலு தடவை பஸ்ஸுக்குக் கொடுத்த காசை அந்த அம்மா என்னிடம் கேட்கவில்லை.

உலோகக் கம்பியில் பாரம் பெரும்பாலும் மருத்துவர் தலையில். ஒட்டியது ஒட்டினபடி இருக்கும். பிள்ளை மறந்தாலும் கம்பி மறக்காது. பிள்ளைக்கு மிச்சம் பல் துலக்கும் வேலை. அதை விட்டால் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்தாற்போல் வெள்ளைத் தழும்பு விழும். வரிசை நேராகிக் கம்பி கழற்றும் நாளில் அதைக் கண்ணாடியில் பார்ப்பது கொடுமை. தானே பூட்டிக்கொள்ளும் மூடி வைத்த பிராக்கெட்டும் உண்டு. சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் என்று விற்றார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை.

செராமிக்கும் அதே வேலைதான், நிறம் மட்டும் பல்லோடு சேர்ந்துவிடும். கம்பியைப் பிடிக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் மட்டும் நம் வீட்டுச் சாம்பாருக்குத் தோற்றுவிடும். மாட்டி ஒரு வாரத்தில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகும். செராமிக் எனாமலைவிடக் கடினம் என்பதால், மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடிக் கடிக்கிறவர்களுக்குக் கீழே ஒட்டினால் மேல்பல் தேயும். அவர்களுக்குக் கீழ்வரிசையில் உலோகமே போடுவேன்.

பல்லின் உட்பக்கம் ஒட்டும் கம்பியும் இருக்கிறது. ஜப்பானில் ஃபுஜிதாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் 1970-களில் வளர்த்த முறை. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு தமிழாசிரியைக்கு அதைப் போட்டேன். 'ழ' போய்விடும் என்று அவருக்கு ஒரே பயம். ழகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கு மேலே மடிவதால் அது பல்லைத் தொடுவதேயில்லை. உடைந்தது தகரமும் நகரமும். மூன்று வாரம் 'தந்தை' என்று சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து வகுப்பே ரசித்ததாம். நாக்கில் புண் வேறு. எனக்கும் முதுகு ஒடிந்தது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு அதிகக் கட்டணம் எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை.

அடுத்தது அலைனர், பல் மேல் கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் தட்டு. பல் அச்சிலேயே சின்னச் சின்ன மாற்றம் செய்து, தொடர்ச்சியாகத் தட்டுகள் மாட்டி நகர்த்தலாம் என்ற எண்ணம் 1945-இலேயே ஹெரால்ட் கெஸ்லிங்குக்கு இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையால் பல்லை வெட்டி ஒட்ட வேண்டும் என்பதால் ஓடவில்லை. 1997-இல் கலிஃபோர்னியாவில் ஜியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் தொடங்கிய நிறுவனம் அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தது, அதுதான் இன்விசலைன். 2017-இலிருந்து அதன் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்க, நம் நாட்டிலும் பல பெயர்களில் அலைனர் பெருகிவிட்டது. ஒரு தட்டு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு மாற்ற வேண்டும். நாளுக்கு 20-லிருந்து 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிட, காபி குடிக்கக் கழற்றி, கொப்பளித்து, மறுபடி மாட்ட வேண்டும்.

சின்ன நெருக்கடி, சின்ன இடைவெளி, முன்பு சரிசெய்து மறுபடி கோணிய பல் — இவற்றில் அது நன்றாகவே வேலை செய்கிறது. உருண்டையான பல்லைத் திருப்புவதிலும், உள்ளே ஏறிய பல்லைக் கீழே இறக்குவதிலும், பல் பிடுங்கிய பெரிய இடைவெளியை வேர் சாயாமல் மூடுவதிலும் திணறும். பல்லில் பருக்கை போல ஒட்டுகள் வைத்து ஓரளவு சமாளிக்கலாம். முடியாத இடத்தில் கம்பிக்குத்தான் திரும்ப வேண்டும்.

பல்லை மட்டும் பார்த்து அலைனர் கொடுத்ததில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. இன்ஜினியரிங் படிக்கும் பையன், அப்பா வசதியானவர். நெருக்கடி குறைவு, கச்சிதமான அலைனர் கேஸ். 11-வது தட்டோடு வந்தான். திரையில் இருக்கும் பல்லுக்கும் வாயில் இருக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை. "டெய்லி போடறியாப்பா?" "போடறேன் சார்." தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இருபது மணி நேரம் வாயில் கிடந்த தட்டில் கடித்த கீறல் இருக்கும், ஒரு மங்கல் இருக்கும். அது கடையிலிருந்து வந்த கண்ணாடி டம்ளர் மாதிரி மின்னியது. ஹாஸ்டல் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கழற்றக் கூச்சம், கழற்றினால் மாட்ட மறதி. குற்றம் என்னுடையது. தாடையை எக்ஸ்ரே எடுத்த நான் பையனை எடைபோடவில்லை. மீதித் தட்டுகளை ஓரங்கட்டிவிட்டு உலோகக் கம்பி கட்டினோம், பதினாலு மாதத்தில் முடிந்தது. அதே வருடம் வங்கியில் வேலை பார்த்த முப்பத்துநாலு வயதுப் பெண்மணி ஒருவர், ஒரு மணி நேரம்கூடத் தவறாமல் போட்டு, திட்டமிட்டதற்கு ஒரு மாதம் முன்னாலேயே முடித்தார். அதே அலைனர்தான்.

இப்போது வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுத்து, தபாலில் தட்டு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. அதில் மருத்துவரின் பங்கும் சேர்ந்து போடுகிறவர் தலையில் விழுகிறது. ஈறு நோய் இருக்கிறதா, எலும்பு இறங்கியிருக்கிறதா என்று யாரும் விரல் வைத்துப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுவதுதான்.

கருவிக்கும் முந்திய கேள்விகள் இரண்டு. ஒன்று, வயது. கீழ்த்தாடை வளராமல் பின்தங்கிய பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயது வளர்ச்சி வேகத்தில் ட்வின் பிளாக் போலக் கழற்றி மாட்டும் கருவி கொடுத்தால் தாடை முன்வந்து கடிக்கப் பழகும். வளர்ந்து முடிந்த பிறகு தாடைக் கோளாறைக் கம்பியால் மறைக்கலாம், சரிசெய்ய அறுவைச் சிகிச்சைதான். ஏழு வயதில் ஒருமுறை காட்டுங்கள் என்பது இதற்காகவே. இரண்டாவது, இடம். "நாலு நல்ல பல்லைப் பிடுங்கணுமா?" என்று தாய்மார்கள் பதறுவார்கள். எங்கள் தொழிலே இதில் நூறு வருடமாகச் சண்டை போடுகிறது. ஆங்கிள் பிடுங்கவே கூடாது என்றார். கால்வின் கேஸ் 1911-இல் எதிர்த்து வாதாடினார். பிறகு ஆங்கிளின் மாணவரான சார்ல்ஸ் ட்வீடே, பிடுங்காமல் முடித்த பல கேஸ்கள் மறுபடி கோணியதைக் கண்டு, பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். ஆறு பேர் பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன், அம்மாவுக்குப் புரிந்துவிடும். லேசான நெருக்கடிக்குப் பல்லின் ஓரத்தைக் கீற்றளவு தேய்த்தாலே இடம் கிடைக்கும்.

எங்கள் ஊரில் உலோகம் 30,000 ரூபாயை ஒட்டித் தொடங்கும், செராமிக் அதற்கு மேல். அலைனர் கேஸைப் பொறுத்து ஒரு லட்சத்தையும் தாண்டும். விலை ஏற ஏறப் பல் அதிக நேராகும் என்று யாராவது நினைத்தால் அதைத் திருத்துவது என் கடமை. "தையில கல்யாணம், அதுக்குள்ள" என்று ஆடியில் வருகிறவர்களிடமும் முடியாது என்றுதான் சொல்வேன்.

எல்லாம் முடிந்து கம்பியைக் கழற்றிய பிறகு மிச்சமிருக்கிற ஒரு வேலை, எந்தக் கருவி போட்டவரானாலும் அவரவர் கையில்தான்: நகர்ந்த பல்லைப் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர். புது இடத்துக்கு வந்த பல்லைச் சுற்றி எலும்பு சில மாதங்களில் இறுகிவிடும். ஈறின் நார்கள் அடங்க ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை முறுக்கிய கயிறு போலப் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதற்குப் பிறகும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும், கம்பியே கட்டாதவர்களுக்கும். அதனால் இரவில் போட வேண்டிய காலத்துக்கு நான் முடிவுத் தேதி எழுதுவதில்லை.

கொலுசுக்கார அண்ணனின் மகளுக்குச் சிகிச்சை முடிந்த மறுவருடம். சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரும்போது ரீட்டெய்னரைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலை ஓரம் வைத்திருக்கிறாள். பாயசம் முடிந்து இலையை மடித்தாள், ரீட்டெய்னர் உள்ளே. மண்டபத்தின் பின்னால் எச்சில் இலைக் குவியலை இரண்டு பேர் கிளறியும் அகப்படவில்லை. திட்டுவார்கள் என்று பயந்து எட்டு மாதம் என்னிடம் வரவேயில்லை. வந்தபோது ஒரு கோரைப்பல் பழைய பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே கேட்டேன்ல தம்பி?"

மறுபடி கொஞ்ச நாள் கம்பி, புது ரீட்டெய்னர். அதை வாங்க வந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிச் சிமிழை எடுத்து வைத்தார். குங்குமச் சிமிழ் சாயலில், கொஞ்சம் அகலமாக, மூடியில் ஒரு மயில். ரீட்டெய்னரை உள்ளே வைத்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. "இத யாரும் இலையோட மடிக்க மாட்டாங்க" என்றார்.

போன மாதம் அந்தப் பெண் பன்னிரண்டு வயது மகனோடு வந்தாள். அம்மாவின் சிங்கப்பல் மகனுக்கும் வந்திருந்தது. அவளும் கேட்டாள்: "எது டாக்டர் பெஸ்ட்? அலைனர் போடலாமா?" நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்தாள். உள்ளே இருந்தது நாலாவது ரீட்டெய்னர். சிமிழ் மட்டும் அதே சிமிழ்.

"இருவது வருசமா ராத்திரி போடறேன்டா. நீ பகல்லயும் போடணும். முடியுமா?"

பையன் சிமிழைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நன்றாக யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"கம்பியே கட்டிருங்க டாக்டர். ரப்பர் மட்டும் பச்சைக் கலர்ல கிடைக்குமா?"